கந்தகத் தகட்டிலிருந்து ஜெராக்ஸ் வரை

சாதிச் சான்றிதழ் வாங்கப் போனாலும், வங்கியில் கணக்குத் தொடங்கப் போனாலும், "இதற்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள்" என்ற சொல் காதில் விழாமல் இருப்பதில்லை. பேருந்து நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், கல்லூரி வாயில் ஆகிய இடங்களிலெல்லாம் 'ஜெராக்ஸ்' என்ற பெயர்ப்பலகையைக் காண்கிறோம். உண்மையில் அது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயராகும். எந்த நிறுவனம் செய்த இயந்திரமாயினும் அதில் எடுத்த பிரதியை நாம் அப்பெயராலேயே அழைக்கிறோம்.

இந்த இயந்திரத்தின் வரலாறு இயற்பியல் மாணவர்களும், ஏதேனும் ஒரு புதுமையைச் செய்து பார்க்கும் ஆர்வமுடையவர்களும் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒன்று. இதற்கான முதல் காப்புரிமை விண்ணப்பம் 1937ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. முழுமையான அலுவலக இயந்திரம் வாடிக்கையாளரின் வாயிலில் இறங்கியதோ 1960ஆம் ஆண்டில். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் நடந்தது என்ன? கருத்து கையில் இருந்தது. அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் ஏன் இத்தனை காலம் பிடித்தது? இதனை இக்கட்டுரையில் காண்போம்.

வறுமையும் கைவலியும்

செஸ்டர் கார்ல்சன் 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். தந்தை முடிதிருத்துபவர். காசநோயும் மூட்டுவாதமும் அவரைப் படுக்கையில் வீழ்த்தின. ஆதலின் பள்ளிப் பருவத்திலேயே குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் பொறுப்பு சிறுவன் கார்ல்சன்மீது விழுந்தது. அவருக்கு 17 வயதானபோது தாயும் காசநோயால் இறந்தார். கடன் வாங்கிப் படித்து, 1930ஆம் ஆண்டில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்றார்.

அது உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். எண்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அவர் விண்ணப்பம் அனுப்பினார். இறுதியில் நியூயார்க்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஆய்வுப் பணி சலிப்புத் தட்டியதால் காப்புரிமைப் பிரிவுக்கு மாறினார். 1933இல் அந்த வேலையும் போயிற்று. பின்னர் பி. ஆர். மல்லோரி என்ற மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் சேர்ந்தார்.

காப்புரிமை அலுவல் என்றாலே தாள்களின் குவியல்தான். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வரைபடங்களுக்கும் பல பிரதிகள் வேண்டும். தட்டச்சில் கார்பன் தாள் வைத்து எடுத்தால் சில பிரதிகளே தெளிவாக இருக்கும். முன்பே அச்சான ஒரு பக்கத்துக்கோ வரைபடத்துக்கோ கார்பன் தாள் பயன்படாது. ஒளிப்படம் எடுத்துப் பிரதி செய்யலாம். ஆனால் அதற்கு வேதிக்கரைசல்களும், இருட்டறையும், காய வைக்கும் நேரமும், பணமும் தேவை.

1936 முதல் கார்ல்சன் இரவுக் கல்லூரியில் சட்டம் படித்தார். சட்ட நூல்களை விலைகொடுத்து வாங்க இயலாமையால் நியூயார்க் பொது நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் படியெடுத்தார். தந்தையை வாட்டிய மூட்டுவாதம் அவரையும் பிடித்திருந்தது. எழுதி எழுதிக் கை வலித்தது. அலுவலக மேசைமீது வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் பிரதி வரும்படியான கருவி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் உறுதிப்பட்டது.

பழைய இயற்பியல், புதிய இணைப்பு

பெரிய ஒளிப்பட நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் வேதியியல் வழியை ஏற்கனவே அலசியிருக்கும் என்று கார்ல்சன் எண்ணினார். எனவே அவ்வழியை விட்டு, ஒளியும் மின்சாரமும் சேரும் இடத்தை நூலகத்தில் தேடினார். அவர் கையாண்ட இயற்பியல் உண்மைகள் இரண்டே. இரண்டும் நம் கல்லூரிப் பாடநூல்களில் உள்ளவைதாம்.

முதலாவது, மின்னூட்டம் பெற்ற பரப்பு நுண்தூளை ஈர்க்கும் என்பது. ஜெர்மனியைச் சேர்ந்த லிக்டென்பெர்க் 1777ஆம் ஆண்டிலேயே, மின்னூட்டிய பிசின் தட்டின்மீது தூளைத் தூவினால் மின்னூட்டம் உள்ள இடங்களில் அது ஒட்டி அழகிய உருவங்களைக் காட்டுவதைக் கண்டார். தலைவாரிய சீப்பு தாள்துண்டுகளை இழுப்பதும் இதே விளைவின்பாற்பட்டதே. ஹங்கேரி நாட்டு இயற்பியலறிஞர் பால் செலெனி, மின்காப்புப் பொருளின் பரப்பில் மின்துகள்களால் உருவம் வரைந்து, தூளைக் கொண்டு அதனைப் புலப்படுத்தும் முறை பற்றி எழுதியிருந்தார். அக்கட்டுரை கார்ல்சனுக்கு வழிகாட்டியது.

இரண்டாவது, ஒளிக்கடத்தல். சில பொருள்கள் இருளில் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஒளி பட்டால் கடத்துகின்றன. செலினியத்தின் மின்தடை ஒளியில் குறைவதை 1873ஆம் ஆண்டில் வில்லோபி ஸ்மித் வெளியிட்டார்.

இவ்விரண்டையும் கார்ல்சன் இணைத்தார். ஓர் உலோகத் தகட்டின்மீது ஒளிக்கடத்திப் பொருளை மெல்லிய படலமாகப் பூசுக. இருளில் அதற்கு மின்னூட்டம் தருக. பின்னர் எழுத்துகள் உள்ள பக்கத்தின் பிம்பத்தை அதன்மீது வீழ்த்துக. வெண்மையான இடங்களிலிருந்து வரும் ஒளி படுமிடத்தில் படலம் கடத்தியாகி, மின்னூட்டம் உலோகத் தகட்டுக்குள் இறங்கிவிடும். கரிய எழுத்துகளின் நிழல் விழும் இடத்தில் மின்னூட்டம் அப்படியே நிற்கும். இப்போது தூளைத் தூவினால் எழுத்துகளின் வடிவில் மட்டும் அது ஒட்டும். அத்தூளைத் தாளுக்கு மாற்றிச் சூடேற்றி நிலைக்கச் செய்தால் பிரதி ஆயத்தம். திரவம் ஒரு சொட்டும் தேவையில்லை.

1937 அக்டோபர் 18ஆம் நாள் அவர் தொடக்கநிலைக் காப்புரிமை விண்ணப்பத்தைப் பதிவு செய்தார். அப்போது அவர் கையில் ஒரு பிரதிகூட இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அஸ்டோரியா அறையில்

முதல் சோதனைகளை அவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்தார். அடுப்பில் கந்தகத்தை உருக்கித் துத்தநாகத் தகட்டில் பூசும்போது எழுந்த நாற்றம் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் வாட்டியது. ஆகவே நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறு அறையை ஆய்வுக்கூடமாக ஆக்கிக்கொண்டார். ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்திருந்த ஓட்டோ கோர்னாய் என்ற இயற்பியலரைச் சொற்பச் சம்பளத்தில் துணைக்கு அமர்த்தினார்.

1938 அக்டோபர் 22. கோர்னாய் ஒரு கண்ணாடி வில்லையில் மையால் '10-22-38 அஸ்டோரியா' என்று ஆங்கில எழுத்துகளில் எழுதினார். அறையை இருட்டாக்கி, கந்தகம் பூசிய தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். வில்லையை அதன்மேல் வைத்துச் சில நொடிகள் பிரகாசமான விளக்கொளி காட்டினார்கள். வில்லையை அகற்றி லைக்கோபோடியத் தூளைத் தூவி, மெதுவாக ஊதினார்கள். எழுத்துகள் தகட்டில் நின்றன. மெழுகுத்தாளை அழுத்திச் சூடேற்றி அவற்றைத் தாளுக்கு மாற்றினார்கள். நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் ஒளியின் விளிம்புவிளைவைக் கொண்டு துகளின் அளவைக் காணும் பரிசோதனைக்குப் பயன்படுத்துகிறோமே, அதே லைக்கோபோடியத் தூள்தான் அது.

ஆயினும் கோர்னாய்க்கு இதன் எதிர்காலத்தில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஓராண்டுக்குள் அவர் வேறு வேலைக்குச் சென்றார். வருங்கால வருமானத்தில் அவருக்குப் பத்து விழுக்காடு தரும் ஒப்பந்தத்தையும் அவரே விட்டுக்கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்துக் கார்ல்சன் அவருக்கு நிறுவனத்தின் 100 பங்குகளைப் பரிசாக அனுப்பினார்.

காப்புரிமை என்னும் உடன்படிக்கை

பேட்டண்ட் எனப்படும் காப்புரிமை, அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையே நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் ஆகும். அத்துறையில் தேர்ந்த ஒருவர் படித்துச் செய்துபார்க்கும் அளவுக்குக் கண்டுபிடிப்பாளர் தம் முறையை முழுவதும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட ஆண்டுகள் பிறர் அதனைச் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை அரசு அளிக்கிறது. காலம் முடிந்தபின் அது பொதுச்சொத்து.

விண்ணப்பத்தின் உயிர்நாடி அதன் இறுதியில் வரும் உரிமைக் கோரிக்கைகள். வயலுக்கு வரப்பு எப்படியோ, அப்படிக் கண்டுபிடிப்புக்கு இக்கோரிக்கைகள். ஒருவர் தாம் செய்த கருவியின் வடிவத்தை மட்டும் கோரினால், பிறர் ஒரு திருகாணியை மாற்றி அமைத்துத் தப்பிவிடுவர். அளவுமீறி அகலமாகக் கோரினால், முன்பே அறியப்பட்டது என்று ஆய்வாளர் தள்ளிவிடுவார். கார்ல்சனுக்கு இது அன்றாடத் தொழில். கந்தகத்தையோ லைக்கோபோடியத்தையோ மட்டும் பற்றிக்கொள்ளாமல், ஒளிக்கடத்திப் பரப்பில் மின்னுருவம் அமைத்துத் தூளால் புலப்படுத்தும் முறையையே அவர் வரப்புக்குள் கொண்டுவந்தார். முதல் காப்புரிமை 1940 நவம்பர் 19ஆம் நாளும், அடிப்படை முறைக்கான மற்றொன்று 1942 அக்டோபர் 6ஆம் நாளும் வழங்கப்பட்டன. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகளுக்கு அவை செல்லும். இந்த 17 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திறவாத கதவுகள்

1939 முதல் 1944 வரை கார்ல்சன் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அணுகினார். ஐ.பி.எம்., கோடாக், ஜெனரல் எலெக்ட்ரிக், ஆர்.சி.ஏ. போன்ற பெரும்பெயர்கள் அவற்றுள் அடங்கும். எங்கும் ஆர்வம் பிறக்கவில்லை. அவர்களை அறியாதவர்கள் என்று எள்ளுவது எளிது. ஆனால் கார்ல்சன் காட்டியது ஒரு சிறு தகட்டையும், கைக்குட்டைத் தேய்ப்பையும், மங்கலான எழுத்துகளையும்தான். அதிலிருந்து அலுவலக இயந்திரம் வரை எவ்வளவு தூரம் என்று யாராலும் மதிப்பிட இயலவில்லை. கார்பன் தாள் மலிவாகக் கிடைக்கும்போது இதற்கு யார் பணம் கொடுப்பார் என்ற கேள்வியும் இருந்தது.

1944இல் காப்புரிமை அலுவலாக மல்லோரி நிறுவனத்துக்கு வந்த பேட்டெல் ஆய்வுக்கழகத்துப் பொறியாளர் ஒருவரிடம் கார்ல்சன் தம் முறையைப் பற்றிப் பேசினார். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்ள பேட்டெல், இலாப நோக்கமற்ற ஆராய்ச்சி நிலையம். அது இம்முறையை வளர்க்க ஒப்புக்கொண்டது. வருமானம் வந்தால் அதில் 40 விழுக்காடு கார்ல்சனுக்கு என்பது உடன்பாடு. நெடுநாள் உழைப்பும் பணமுடையும் அவர் இல்லற வாழ்வையும் பாதித்திருந்தன. 1945இல் அவருடைய முதல் திருமணம் முறிந்தது.

மூன்று திருத்தங்கள்

கருத்துக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தைப் பேட்டெல்லில் நடந்த வேலை நன்கு காட்டுகிறது. அங்கே மூன்று முதன்மையான குறைகள் நீக்கப்பட்டன.

முதலாவது, படலம். கந்தகத்தின் ஒளியுணர்வு மிகக் குறைவு. அதற்குப் பதிலாக, படிக உருவற்ற செலினியத்தைத் தகட்டில் பூசியபோது ஒளியுணர்வு பன்மடங்கு கூடியது. இரண்டாவது, மின்னூட்டம். கைக்குட்டையால் தேய்த்தால் ஒரு நாள் வரும், மழைநாளில் வராது. அதற்குப் பதிலாக மெல்லிய கம்பிகளுக்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, சுற்றியுள்ள காற்றை அயனிகளாக்கித் தகட்டின்மீது சீராக மின்னூட்டம் பொழியும்படி செய்தார்கள். மூன்றாவது, தூள். வெறும் தூளைத் தூவினால் எழுத்தில்லாத வெற்றிடத்திலும் படிந்து தாளை அழுக்காக்கியது. பிசினும் கரியும் கலந்த நுண்தூளைச் சற்றுப் பெரிய மணிகளோடு கலந்து உருட்டினார்கள். உராய்வினால் தூள் ஒருவகை மின்னூட்டமும் மணிகள் எதிர்வகை மின்னூட்டமும் பெற்றன. தூள் மணிகளை ஒட்டிக்கொண்டே வந்து, தகட்டில் அதைவிட வலுவான ஈர்ப்பு உள்ள இடத்தில் மட்டும் இறங்கியது.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே புதிய காப்புரிமைக்கு உரியவை. இதன் முக்கியத்துவம் பின்னால் விளங்கும்.

ஹாலாய்டின் துணிவு

ராச்செஸ்டர் நகரில் ஹாலாய்ட் என்றொரு சிறிய ஒளிப்படத்தாள் நிறுவனம் 1906 முதல் நடந்து வந்தது. பேருரு எடுத்த கோடாக் நிறுவனமும் அதே நகரில்தான் இருந்தது. ஹாலாய்டின் ஆய்வுத் தலைவர் ஜான் டெசாயர் 1945இல் ஒரு கட்டுரைச் சுருக்கத்தைப் படித்துக் கார்ல்சனின் முறையைப் பற்றி அறிந்தார். அச்சுருக்கம் வெளிவந்தது கோடாக்கின் சொந்த இதழில்! நிறுவனத் தலைவர் ஜோசப் வில்சன் கொலம்பஸ் சென்று பார்த்து, 1946 இறுதியில் உரிம ஒப்பந்தம் செய்துகொண்டார்.

'மின்ஒளிப்படவியல்' என்ற பெயர் சந்தைக்கு ஏற்றதாக இல்லை. 'உலர்ந்த', 'எழுத்து' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'ஜெரோகிராபி' என்ற பெயர் அமைக்கப்பட்டது. அஸ்டோரியாவில் எழுத்துகள் தெரிந்த நாளுக்குச் சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 1948 அக்டோபர் 22ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் அமெரிக்க ஒளியியல் கழகக் கூட்டத்தில் இம்முறை மக்கள்முன் காட்டப்பட்டது.

1949இல் 'மாடல் ஏ' என்ற முதல் கருவி வெளிவந்தது. ஒரு பிரதிக்குக் கையால் 39 படிகள் செய்ய வேண்டியிருந்தது. அலுவலகப் பிரதிக் கருவி என்ற வகையில் அது தோற்றது. ஆனால் ஆப்செட் அச்சுக்கு வேண்டிய தாள் தகடுகளை விரைவாகச் செய்ய அது நன்கு பயன்படுவதை அச்சகத்தார் கண்டனர். எண்ணிய சந்தை கைவிட்டது. எண்ணாத சந்தை கைகொடுத்தது. அந்த வருமானத்தைக் கொண்டு ஹாலாய்ட் மேலும் ஆய்ந்தது. 1947 முதல் 1960 வரை அந்நிறுவனம் இம்முறைக்காகச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 7.5 கோடி டாலர். அதன் வழக்கமான தொழிலில் கிடைத்த வருமானத்தைப் போல் இது இருமடங்கு. மீதியைப் பங்குகளை விற்றும் கடன் வாங்கியும் திரட்டினார்கள்.

914

1959 செப்டம்பர் 16ஆம் நாள் நியூயார்க் விடுதி ஒன்றில் '914' என்ற இயந்திரம் காட்டப்பட்டது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலம் வரையுள்ள சாதாரணத் தாளில் பிரதி எடுப்பதால் இப்பெயர். அன்று வைத்திருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று தீப்பற்றியது. மற்றது ஒழுங்காக வேலை செய்தது. எடை ஏறத்தாழ 295 கிலோகிராம். நிமிடத்துக்கு 7 பிரதிகள். பொத்தானை அழுத்தினால் போதும் என்ற கார்ல்சனின் பழைய எண்ணம் நிறைவேறியது.

ஆனால் விலை? இவ்வளவு பெரிய இயந்திரத்தை எந்த அலுவலகம் முழு விலை கொடுத்து வாங்கும்? வில்சன் அதனை விற்காமல் வாடகைக்கு விட்டார். மாதம் 95 டாலர். முதல் 2,000 பிரதிகளுக்குத் தனிக் கட்டணமில்லை. அதற்குமேல் பிரதி ஒன்றுக்குச் சில சென்டுகள். வாடகை வண்டியைப் போல மீட்டர் ஓடியது. மாதம் எத்தனை பிரதி எடுப்பார்கள் என்று முன்கூட்டிக் கணித்தவர்கள் எல்லாரும் மிகக் குறைவாகவே கணித்திருந்தார்கள். இயந்திரம் கண்முன் இருந்தபோது தேவை தானே பெருகியது. 1959இல் 3.3 கோடி டாலராக இருந்த நிறுவன வருவாய் 1966இல் 50 கோடியைத் தாண்டியது. 1961இல் நிறுவனத்தின் பெயரே ஜெராக்ஸ் என்று மாறியது.

முடிந்துபோன 17 ஆண்டுகள்

இப்போது முன்சொன்ன எண்ணுக்கு வருவோம். 1942 அக்டோபர் 6ஆம் நாள் வழங்கிய காப்புரிமையோடு 17 ஆண்டுகளைக் கூட்டினால் 1959 அக்டோபர் 6 வருகிறது. 914ஐ உலகுக்குக் காட்டி மூன்றே வாரங்களில் கார்ல்சனின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியாயிற்று! 1940இல் வழங்கிய முதல் காப்புரிமை அதற்கும் ஈராண்டு முன்பே முடிந்திருந்தது. அந்தத் தாள்களை மட்டும் நம்பியிருந்தால், முதல் இயந்திரம் விற்பனைக்கு வந்த நாளிலேயே எவரும் அதனைப் போல் செய்திருக்கலாம்.

நிறுவனத்தைக் காத்தவை செலினியப் படலம், மின்னூட்டும் கம்பி, தூளும் மணியும் என இடைக்காலத்தில் பெற்ற காப்புரிமைகளே. அவ்வேலியும் நிரந்தரமாக நிற்கவில்லை. ஜப்பானின் கேனன் நிறுவனம் மாற்று முறையொன்றைத் தானே வகுத்து 1970இல் தன் இயந்திரத்தை வெளியிட்டது. ஜெராக்ஸின் ஆதிக்கம் போட்டியைத் தடுக்கிறது என்று அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையம் நடவடிக்கை எடுத்ததன் விளைவாக, 1975இல் அந்நிறுவனம் தன் காப்புரிமைகளைப் பிறருக்கும் உரிமத்தில் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவில் மோதி குழுமத்துடன் கூட்டாக 1983இல் மோதி ஜெராக்ஸ் நிறுவனம் தொடங்கி, உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் இயந்திரங்கள் செய்யப்பட்டன.

கார்ல்சனுக்கு என்ன கிடைத்தது? 40 விழுக்காட்டுப் பங்கின் பயனாக அவர் பெருஞ்செல்வரானார். ஆனால் பகட்டாக வாழவில்லை. செல்வத்தின் பெரும்பகுதியைக் கல்விக்கும் அமைதிப் பணிக்கும், பெரும்பாலும் தம் பெயர் வெளியே தெரியாமல், வழங்கினார். 1968 செப்டம்பர் 19ஆம் நாள் மாரடைப்பால் காலமானார்.

நமக்கு

நம் நாட்டில் இன்று நடப்பிலுள்ளது 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆகும். உரிமைக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். கருத்து உருப்பெறும் நிலையிலேயே தற்காலிக விவரணத்தைப் பதிந்து, 12 மாதங்களுக்குள் முழு விவரணத்தைத் தரலாம். அதற்கு முன்பாகக் கண்காட்சியிலோ இதழிலோ வெளியிட்டுவிட்டால் புதுமை என்ற தகுதி பெரும்பாலும் போய்விடும். நம் மாணவர்கள் அறிவியல் கண்காட்சியில் முதலில் காட்டிவிட்டுப் பிறகு காப்புரிமை பற்றிக் கேட்பதால் இதனை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையிலேயே காப்புரிமை அலுவலகக் கிளை உண்டு. ஒரு நாட்டில் பெற்ற உரிமை அந்நாட்டுக்கு மட்டுமே செல்லும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

நம் நாட்டில் இன்று விண்ணப்பித்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கார்ல்சனுக்கு அது காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள் ஓடி நின்றபோது இயந்திரம் தொழிற்சாலையைத் தாண்டியிருக்கவில்லை. ஆகவே காப்புரிமைச் சான்று கையில் வந்தவுடன் வேலை முடிந்ததென்று எவரும் இருந்துவிடலாகாது. செலினியத்தைக் கண்டவர், மணியையும் தூளையும் கலந்தவர், கடன் வாங்கிச் செலவிட்டவர், மீட்டர் வாடகையை எண்ணியவர் ஆகிய அத்தனை பேரும் சேர்ந்த பிறகே கந்தகத் தகடு கடைத்தெருவுக்கு வந்தது. அடுத்த முறை பிரதி எடுக்கும்போது, வெளிவரும் தாளைத் தொட்டுப் பாருங்கள். அது இளஞ்சூடாக இருக்கும். தூளை உருக்கித் தாளில் பதித்த வெப்பம் அது. அஸ்டோரியா அறையில் மெழுகுத்தாளைச் சூடேற்றியதும் அதற்காகவே.